அஞ்சடியும் 555 புத்தகமும்

கோலா கெத்தில் பட்டணத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால், சாலையில் நடப்பவர் எல்லாரும் ஒரே இடத்தில்தான் ஒதுங்குவர். கடைகளின் முன்புறம், மேல்மாடிக்குக் கீழே, ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தொடர்ந்து செல்லும் நடைபாதையே அவ்விடம். மலாய்மொழியில் அதனைக் 'காக்கி லீமா' என்பர். நம் மூத்தோர் 'அஞ்சடி' என்பர். ஐந்தடி அகலம் என்னும் கணக்கால் வந்த பெயர் அது. நம் நாட்டின் பழைய பட்டணங்கள் அனைத்திலும் இந்த அஞ்சடியைக் காணலாம்.

அஞ்சடியைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அதன் அமைப்பில் ஒரு வியப்பு இருக்கிறது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது, தெருவின் இருபுறமும் உள்ள ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும் என்றும், அது எந்நேரமும் பொதுமக்கள் நடந்து செல்லத் திறந்திருக்க வேண்டும் என்றும் விதித்தார். பின்னர் அவ்வழக்கம் பினாங்கு, மலாக்கா, மலாய் மாநிலங்கள் எனப் பரவியது. அதாவது, கடைக்காரர் தம் கட்டடத்தின் முன்பகுதியில் ஐந்தடியை ஊருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் பயன் இல்லை. பத்துக் கடைக்காரரும் விட்டுக்கொடுத்தால்தான் வெயிலும் மழையும் படாத ஒரு பாதை உருவாகும். நடுவில் ஒருவர் அரிசி மூட்டைகளை அடுக்கி வழியை அடைத்துவிட்டால், கைத்தடியோடு நடந்துவரும் முதியவர் அவ்விடத்தில் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு பட்டணத்துக் கடைத்தெரு எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு தளர்கிறது, தளர்ந்தபின் அதனை எவ்வாறு தூக்கி நிறுத்தலாம் என்பதை அறிய, இந்த அஞ்சடியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தில் எழுந்த ஊர் கோலா கெத்தில். சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் செல்லும் சாலையில், பாலிங் மாவட்டத்தின் எல்லைக்குள் அது அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களே. பத்து பெக்காக்கா, பாடனோக் போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தில் வேலையும் வீடும் இருந்தன; கோயிலும் பள்ளியும் இருந்தன. ஆனால், நல்ல துணி வேண்டுமென்றால், பிள்ளைக்குக் காது குத்தத் தோடு வேண்டுமென்றால், மூக்குக்கண்ணாடி வேண்டுமென்றால் பட்டணத்திற்குத்தான் வர வேண்டும்.

சம்பளம் போட்ட மறுநாள் பட்டணம் திருவிழாக்கோலம் பூணும். நான் சிறுமியாக இருந்தபோது என் பாட்டி அந்த நாளுக்கென்றே ஒரு சேலையைத் தனியாக மடித்து வைத்திருந்தார். காலையில் லயத்திலிருந்து புறப்பட்டால் வெயில் சாயும்போதுதான் திரும்புவார். வாங்கும் சாமான்களுக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரமெல்லாம் அஞ்சடியில் கழியும். அடுத்த தோட்டத்தில் வாக்கப்பட்ட தங்கையை அங்கேதான் பார்ப்பார். பெண் பார்க்கும் செய்தியும் சாவுச் செய்தியும் அங்கேதான் கைமாறும். மளிகைக் கடைச் சீனர் தமிழில் நலம் விசாரிப்பார். மாமாக் கடையில் தேநீர் ஆற்றும் ஓசைக்கு நடுவே மூன்று மொழிகளில் பேச்சு நடக்கும். பலகாரம் விற்கும் மலாய்ப் பெண்மணிக்கு யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

அந்தக் கடைகளில் வழங்கிய ஒரு சிறு பொருளை இங்குக் கூறியாக வேண்டும். உள்ளங்கை அளவுள்ள, அட்டையில் '555' என்று அச்சிடப்பட்ட குறிப்புப் புத்தகம் அது. வாங்கிய அரிசி, மாவு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலையைக் கடைக்காரர் அதில் எழுதி வைப்பார். சம்பளம் வந்ததும் கணக்கு தீர்க்கப்படும். கையொப்பம் இல்லை, பிணையம் இல்லை. ஆளைத் தெரியும், குடும்பத்தைத் தெரியும் என்பதே அதற்கு அடிப்படை. இதனை மிகைப்படுத்திப் புகழவும் வேண்டியதில்லை. கடன் என்றால் கடன்தான். ஒரு மாதச் சம்பளம் முந்திய மாதக் கடனுக்கே சரியாகப் போன குடும்பங்கள் பல உண்டு. ஆயினும், நோய் வந்த மாதத்திலும் வேலை இல்லாத மழைக்காலத்திலும் அடுப்பு எரிந்ததற்கு அந்தச் சிறு புத்தகம் துணைநின்றது.

இத்தகைய கடைத்தெருக்கள் ஏன் தளர்ந்தன? முதல் காரணம், வாங்குபவர் குறைந்ததாகும். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, வெளிநாட்டு நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். வேலையோடு வீட்டையும் இழந்த தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். அதனைக் கண்டு கலங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்கள் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை கட்டிப் பங்குதாரர் ஆயினர். தனித்தனியே பார்த்தால் கைச்செலவுக்கும் போதாத அந்தப் பணம் ஒன்று சேர்ந்தபோது ஒரு தோட்டத்தையே வாங்க முடிந்தது. அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம், நம் கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சிடிம் ஆகும். தோட்டம் பிழைத்ததால் லயம் பிழைத்தது. லயம் பிழைத்ததால் அருகிலிருந்த கடைகளும் பிழைத்தன.

துண்டாடலுக்குப் பிறகு வந்த மாற்றங்கள் வேறு வகையானவை. ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை நடப்பட்டது. பால்வெட்டுக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தொடங்கப்பட்ட சுதந்திர வாணிப வட்டாரமும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் இளையோரைத் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. வீட்டுக்கு ஒரு கார் வந்தது. அதன்பின் சுங்கை பட்டாணியின் பேரங்காடி தொலைவாகத் தெரியவில்லை. அங்கே குளிர்சாதன வசதி உண்டு. விலையும் சில பொருள்களுக்குக் குறைவு. இதில் யாரையும் குறைகூற இயலாது. நானும் அங்கேதான் சாமான் வாங்குகிறேன்.

ஆனால், கார் இல்லாதவர் இருக்கின்றனர். தோட்டத்திலேயே தங்கிவிட்ட முதியோர், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத பாட்டிமார், வேலைக்குப் போய்விட்ட மகனை எதிர்பார்த்திருக்கும் தாய்மார் ஆகியோருக்கு அருகில் உள்ள கடையே கடை. அது மூடப்பட்டால் அவர்கள் இழப்பது மளிகைச் சாமானை மட்டும் அன்று. வாரத்திற்கு ஒருமுறை சேலை மாற்றி வெளியே வருவதற்கான காரணத்தையே அவர்கள் இழந்துவிடுகின்றனர்.

இதனை 2020ஆம் ஆண்டு நாம் அனைவரும் உணர்ந்தோம். அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மட்டுமே சென்று பொருள் வாங்கலாம் என்ற விதியும் வந்தது. பேரங்காடி திடீரென்று எட்டாத இடமாகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் மட்டும் முகக்கவரியோடு பக்கத்துக் கடைக்குச் சென்று வந்த காட்சி உங்கள் நினைவில் இருக்கலாம். பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத கடையில், கடைக்காரர் தம்மைப் பெயர் சொல்லி அழைத்ததைக் கண்டு வியந்தவர் பலர். கட்டுப்பாடு நீங்கியதும் பெரும்பாலோர் பழைய வழக்கத்திற்கே திரும்பினர் என்பதும் உண்மை.

சரி, தளர்ந்த கடைத்தெருவை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று கனடாவில் இருக்கிறது. தொரொந்தோ மாநகரின் மேற்கே 'புளோர் வெஸ்ட் வில்லேஜ்' என்றொரு கடைத்தெரு உள்ளது. 1960களில் அதற்கு இரண்டு அடிகள் விழுந்தன. நகரில் பெரிய பேரங்காடிகள் எழுந்தன. அடுத்து, 1968இல் சுரங்க இரயில் அப்பகுதிவரை நீண்டது. அதற்குமுன் தெருவில் ஓடிய டிராம் வண்டியிலிருந்து கடைகளைப் பார்த்தபடி சென்ற மக்கள், இப்போது மண்ணுக்கு அடியில் சென்றனர். கடைகளைப் பார்ப்பார் இல்லை.

அங்கிருந்த வணிகர்கள் கூடிப் பேசினர். தெருவிளக்கு வேண்டும், இருக்கை வேண்டும், பூச்செடி வேண்டும், விழா எடுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. பணம் கட்டுவதில்தான் சிக்கல். விருப்பப்பட்டோர் கொடுக்கலாம் என்றால், சிலர் கொடுப்பர், சிலர் கொடார். விளக்கு எரிந்தாலோ எல்லாக் கடைக்கும் வெளிச்சம். இந்தச் சிக்கல் நமக்கும் புதிதன்று. தீபாவளிக்குத் தெருவை அலங்கரிக்கப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடைகடையாக ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்னும் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பர் என்று சொல்வர்.

தொரொந்தோ வணிகர்கள் சட்டத்தின் துணையை நாடினர். 1970இல் அக்கடைத்தெரு ஒரு வணிக மேம்பாட்டு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வட்டாரத்திற்குள் தொழில் செய்யும் அனைவரும் ஒரு தொகையைக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். நகராட்சி அதனை வரியோடு சேர்த்து வசூலித்து, வணிகர்கள் அடங்கிய நிருவாகக் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிடும். எதற்குச் செலவிடுவது என்பதைக் குழுவே முடிவு செய்யும். உலகிலேயே முதன்முதலாக அமைந்த வட்டாரம் அதுதான். இன்று தொரொந்தோவில் மட்டும் இத்தகைய வட்டாரங்கள் எண்பதுக்கும் மேல். பிற நாடுகளிலும் இம்முறை பரவியுள்ளது. கூர்ந்து நோக்கினால், அஞ்சடியின் கணக்கும் இதுவேதான்: எல்லாரும் விட்டுக்கொடுத்தால்தான் எல்லாருக்கும் பாதை.

அவ்வளவு தூரம் போகாமல், ஆற்றுக்கு அப்பால் உள்ள பினாங்கையும் பார்க்கலாம். அந்தக் கதை சற்றுச் சிக்கலானது. ஆகையால் மேலும் பயனுள்ளது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் நீண்டகாலம் குறைந்த வாடகையே வசூலிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டிற்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. கூடை முடைபவரும் பெயர்ப்பலகை செதுக்குபவரும் பூக்கட்டுபவரும் நகர நடுவிலேயே வாழ முடிந்ததற்கு அதுவே காரணம். மறுபுறம், வருமானம் வராத கட்டடத்தை உரிமையாளர் பழுதுபார்க்கவில்லை. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு இறுதியோடு கட்டுப்பாடு முற்றாக அகன்றது. வாடகை உயர்ந்தது. குடும்பங்கள் தீவின் பிற பகுதிகளுக்கும் பெருநிலத்திற்கும் வெளியேறின. பல தெருக்கள் இரவில் இருண்டன.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே கசானா நேஷனல் நிறுவனம் 'திங்க் சிட்டி' என்னும் அமைப்பை உருவாக்கியது. 20 மில்லியன் ரிங்கிட் மதிப்பிலான மானியத் திட்டம் அதன் பொறுப்பில் விடப்பட்டது. கட்டட உரிமையாளர், வணிகர், கோயில், பள்ளிவாசல், குலச்சங்கம், கலைக்குழு எனப் பலதரப்பினர் அதற்கு விண்ணப்பித்தனர். கட்டடம் பழுதுபார்க்கும் பணிகளில் மானியத்தோடு விண்ணப்பித்தவரும் தம் பங்கைப் போட வேண்டியிருந்தது. தம் பணமும் அதில் இருந்ததால் பணி நின்றுவிடாமல் நடந்தது. பூங்காவும் பின்சந்தும் நடைபாதையும் நகராண்மைக் கழகத்தின் ஒத்துழைப்போடு சீராயின. 2012இல் தெருச்சுவர் ஓவியங்கள் தோன்றின. மிதிவண்டியில் செல்லும் இரு சிறார் ஓவியத்தின் முன் படம் பிடிக்க மக்கள் இன்றும் வரிசையில் நிற்கின்றனர்.

கூட்டம் வந்தது, கடைகள் திறந்தன. ஆனால், திறந்த கடைகளுள் பல, நினைவுப் பொருள் விற்பவை. அத்தெருவில் குடியிருந்த பாட்டிக்குப் பச்சை மிளகாயும் சுக்கும் தேவை. குளிரூட்டிகளில் ஒட்டும் காந்தப் படங்கள் அல்ல. அங்கு வாடகை மேலும் உயர்ந்ததால் எஞ்சியிருந்தோரிலும் சிலர் வெளியேறினர். இதற்கு மாறாக, லெபோ பசார், லெபோ குவீன் பகுதியில் உள்ள 'லிட்டில் இந்தியா' கடைகளுக்கு இன்னும் ஊர் மக்கள் வருகின்றனர். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கிருப்பதும், பூமாலையும் மளிகையும் பாத்திரமும் சேலையும் ஒரே நடையில் கிடைப்பதும் அதற்குக் காரணம் எனலாம். சுற்றுலாப் பயணி ஒருமுறை வருவார். பூ வாங்குபவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார்.

கோலா கெத்தில் போன்ற சிறு பட்டணத்திற்கு ஜார்ஜ்டவுனின் நோய் வராது. அதன் மருந்தும் பொருந்தாது. இங்கே உலகப் பாரம்பரியப் பட்டம் இல்லை. பயணிகள் வரிசையும் இல்லை. எனவே, சுவரில் ஓவியம் தீட்டிவிட்டால் பட்டணம் எழுந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. அருகில் வாழ்பவர் வாரந்தோறும் வருவதற்குரிய காரணத்தை உண்டாக்குவதே இங்குத் தேவை. அதற்கான விதை கெடாவிலேயே இருக்கிறது. கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் கூடும் வாரச் சந்தையை இம்மாநிலத்தில் 'நாட்' என்பர். சயாம் மொழியிலிருந்து வந்த சொல் அது. குறித்த நாளில் கூடுவது என்பது அதன் பொருள். ஓர் ஊருக்கு ஒரு கிழமை என்று அமைவதால், வணிகர் ஒவ்வோர் ஊராகச் சுற்றிவர முடிகிறது. அலோர் ஸ்டாரின் புகழ்பெற்ற பெக்கான் ராபுவும் புதன்கிழமைச் சந்தையாகத் தொடங்கி, பின்னர் நாள்தோறும் இயங்கும் அங்காடியாக வளர்ந்ததுதான்.

சந்தை நாளன்று நிரந்தரக் கடைகள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சந்தைக்கு வந்தவர் அஞ்சடியிலும் ஏறி இறங்கும்படி செய்தால் இரு தரப்புக்கும் ஆதாயம். சந்தை இடத்தையும் உரிமத்தையும் கவனிப்பது ஊராட்சி மன்றம். கோலா கெத்திலுக்கு அது பாலிங் மாவட்ட மன்றம். அன்று எவ்விடத்தில் வண்டி நிறுத்துவது, குப்பையை யார் அகற்றுவது என்பனவற்றை வணிகரோடு அமர்ந்து பேச வேண்டியது அதன் பணி. தோட்டத்து முதியோரை அழைத்துவர ஒரு வேன் போதும். 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா இன்று இரவு ரோந்தோடு நிற்கவில்லை. அண்டை அயலாரை ஒன்றுகூட்டும் பணிகளையும் செய்கிறது. அந்த வேனை அது ஏற்பாடு செய்யலாம். ஐந்து கடைகள் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டால், நடக்க முடியாதவரின் வீட்டுக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கலாம். தனித்தனியே என்றால் எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையும் இதில் சேர இடமுண்டு. அங்கு விற்கும் பலகாரமும் எழுதுபொருளும் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

எல்லாருக்கும் இதில் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் அஞ்சடியில் பரப்பிய சாமான்களை உள்ளே எடுக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அங்கு வழியடைப்பதைத் தடை செய்கிறது என்றாலும், தண்டம் விதித்து மட்டும் இதனைச் சரிசெய்துவிட முடியாது. சாமான் வைக்க உள்ளே இடமில்லை என்ற அவருடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் கடையின் உரிமையாளர், வெளியூரில் இருந்தாலும், முதல் ஆறு மாதத்திற்கு வாடகையைக் குறைத்து ஓர் இளையவரிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும். மாவட்ட மன்றம் விளக்கையும் வடிகாலையும் பார்க்க வேண்டும். வாங்குபவராகிய நாம் சில காசுகள் கூடுதலாகக் கொடுக்க நேரலாம். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் எண்ணம்.

மாணவர்களே, அடுத்த முறை பட்டணத்திற்குச் செல்லும்போது வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அஞ்சடியிலேயே நடந்து பாருங்கள். அவர் எத்தனை இடங்களில் சாலையில் இறங்க வேண்டியிருந்தது, எத்தனை கடைகள் பூட்டியிருந்தன, எத்தனை பேர் அவரை நிறுத்திப் பேசினர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு அடுத்த பாடத்திற்கு வாருங்கள். மாவட்ட மன்றத்திற்கு நாம் எழுதப்போகும் அலுவல் கடிதத்தின் முதல் பத்தி அதிலிருந்துதான் தொடங்கும்.